பசிபிக் கரைக்கு முப்பத்துநான்கு நாட்கள்

2025 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை 9.10. புறப்பட இன்னும் முப்பத்துநான்கு நாட்கள். பயணச்சீட்டுகள் மூன்று. நீந்தத் தெரிந்தவர் ஒருவர்.

மகனே, அந்தக் கடைசி எண்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். உன் அம்மாவைப் பொறுத்தவரை அது இன்றைக்கும் மூன்று. எனக்கு மட்டும் அது நெடுநாளாக இரண்டு. போன வியாழக்கிழமை உன் வகுப்பு ஆசிரியை தொலைபேசியில் அழைத்த பிறகு ஒன்றாகிவிட்டது. அந்த ஒருவர் அம்மா. அவர் இப்போது ஆஸ்பத்திரியில் காலை வேலையில் நிற்கிறார். மூன்றே முக்காலுக்கு வீட்டுக்கு வருவார். நீ பக்கத்து அறையில் புது நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் இருந்து விளையாடுகிறாய். உனக்கு எட்டு வயது. இதை உன் பதினெட்டாவது வயதில் உன் கையில் தருவேன். எட்டு வயதுப் பிள்ளையிடம் இவ்வளவையும் இறக்கிவைக்க முடியாது. பிறகு சொல்லலாம் என்று விட்டால், அதற்குள் இதை எனக்கு வசதியாகத் திருத்திவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் பயம் சூடாக இருக்கும்போதே எழுதுகிறேன்.

நான் கடிதம் எழுதுகிறவன் இல்லை. இங்கே சுவிற்சர்லாந்தில், பாடன் நகரில், மின்நிலையங்களுக்குப் போகும் பெரிய சுவிச்சுகளைச் சோதிப்பது என் வேலை. தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரத்தைப் பாய்ச்சி, எந்த இடத்தில் உடைகிறது என்று பார்ப்போம். உடைந்ததை உடைந்தது என்று எழுதுவோம். எங்கள் அறிக்கைகளில் 'நினைக்கிறேன்' என்ற சொல்லுக்கு இடமில்லை. யாராவது கூட்டத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால் முதலில் எரிந்து விழுபவன் நான். இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியை வாசி.

இந்தப் பயணம் அம்மாவின் ஆசை. கொஸ்தா ரிக்காவின் பசிபிக் கரையில் ஒரு சின்ன வீடு, முன்னால் இரண்டு தென்னை, நடுவில் ஒரு தூங்குகட்டில். அந்தப் படத்தை இரண்டு வருடமாகத் தன் தொலைபேசியில் வைத்திருந்தார். கிறிஸ்மஸ் காலத்தில் எப்போதும் அவருக்குத்தான் வேலை விழும். இந்த முறை எப்படியோ விடுமுறை கிடைத்துவிட்டது. "ஒண்டும் செய்யாமல் பத்து நாள். அதுதான் பிளான்," என்றார். "காலமை எழும்புறம், கடலைப் பாக்கிறம், மாம்பழம் தின்னுறம், திரும்பிப் படுக்கிறம்."

"அலை எவ்வளவு உயரம் எண்டு பாத்தனீரோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் பாத்திருப்பியள்தானே."

பார்த்திருந்தேன். அதைவிட அதிகமாகவே செய்திருந்தேன். வேலைத்தலத்தில் செய்வதுபோல ஒரு அட்டவணை போட்டேன். ஆபத்து, நடக்கக்கூடிய வாய்ப்பு, தடுக்கும் வழி என்று மொத்தம் இருபத்தேழு வரிகள். நுளம்புக்கடி, வெயில், தொட்டால் தோல் புண்ணாகும் கரையோர மரம், ஆற்றுமுகத்தில் முதலை, தலையில் விழும் தேங்காய், வாடகைக் கார். அம்மா சாய்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இஞ்சருங்கோ, நாங்கள் லீவுக்குப் போறமோ, மின்நிலையம் கட்டப் போறமோ?" பிறகு விசைப்பலகையை இழுத்து இருபத்தெட்டாவது வரியைத் தானே சேர்த்தார். ஆபத்து: அப்பா. வாய்ப்பு: நிச்சயம். தடுக்கும் வழி: இல்லை. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

அந்த அட்டவணையின் முதல் வரி கடல். கரையிலிருந்து ஆளை உள்ளே இழுத்துப் போகும் நீரோட்டம் அந்தக் கரைகளில் உண்டு. அதற்கு எதிரே, தடுக்கும் வழி என்ற கட்டத்தில், 'மூவருக்கும் நீந்தத் தெரியும்' என்று எழுதி மூன்று கட்டங்களுக்குப் பச்சை நிறம் போட்டவன் நான். அம்மாவின் கட்டம் உண்மை. உன்னுடையதை நான் சோதிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பழக்குகிறார்கள், இந்தத் தவணையில் பழகியிருப்பாய் என்று நினைத்தேன். நினைத்தேன்! என்னுடையது பொய். அதைப் போடும்போது என் விரல் தயங்கக்கூட இல்லை.

ஒன்பது வருடமாக உன் அம்மாவிடம் சொல்லிவந்த கதை இது: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும், ஆனால் சின்ன வயதில் செவிப்பறை கிழிந்ததால் காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது. கோடையில் லிம்மாத் ஆற்றுக்குப் போனால் அம்மா பாலத்தடியில் இறங்கி ஆற்றோடு மிதந்து போவார். நான் பைகளுக்குக் காவல் இருப்பேன். அம்மா ஒரு தாதி என்பதை மறந்துவிடாதே. ஒருநாள் காது பார்க்கும் விளக்கைக் கொண்டுவந்து, "காட்டுங்கோ பாப்பம், எவ்வளவு கிழிஞ்சிருக்கெண்டு," என்றார். அன்றைக்கு எனக்கு அவசரமாக ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது.

இது எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன். நான் சூக் நகரில் வளர்ந்தவன். உன் அப்பப்பா ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். வீட்டுக்கு வரும் டொச், அதாவது ஜெர்மன் மொழிக் கடிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். வதிவிட அனுமதி அலுவலகத்துக்கும் வீட்டுக்காரருக்கும் கட்டடத்தின் பொதுச் சலவையறையில் எங்கள் முறையை மாற்றுவதற்கும் பதில் எழுதுபவன் நான். ஒன்பது வயதில் அந்த வீட்டுக்கு நான்தான் செயலாளர். எழுதி முடித்ததும் கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிபோல ஒரு சின்னப் புள்ளடி போடுவேன். "தம்பி, இதிலயோ?" என்று கேட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அப்பா மெதுவாகத் தன் முழுப் பெயரையும் எழுதுவார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நம்பினார். வேறு வழியும் இருக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் வியாழக்கிழமைகளில் நீச்சல். முதல் நாளே கால் தரையை விட்டது. மூக்காலும் வாயாலும் தண்ணீர் போனது. கரைக்கல்லைப் பிடித்துக்கொண்டு எப்படியோ மேலே வந்தேன். இருபது பிள்ளைகளின் கூச்சலில் யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு கடிதம் எழுதினேன்: எங்கள் சமயத்தில் வியாழக்கிழமை விரதநாள், அன்றைக்குப் பொதுக் குளத்தில் இறங்கக்கூடாது. புள்ளடி போட்டேன். அப்பா கையெழுத்து வைத்தார். என் ஆசிரியை நல்ல மனுசி, பிறர் சமயத்தை மதிப்பவர். வந்த வினையே அதுதான். கெட்ட ஆசிரியையாக இருந்திருந்தால் என்னைத் தூக்கித் தண்ணீரில் போட்டிருப்பார், எனக்கும் நீச்சல் வந்திருக்கும்.

பிறகு பெற்றோர் சந்திப்பு வந்தது. அப்பா வேலையிலிருந்து அரை மணிநேரம் கேட்டு, வெங்காய மணத்தோடு வந்து பிள்ளைகளின் சின்னக் கதிரையில் இருந்தார். மொழிபெயர்ப்பாளர் நான்.

ஆசிரியை என்னிடம், "இந்த விரதம் எதுவரைக்கும் என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்," என்றார்.

நான் அப்பாவைப் பார்த்து, "நான் கணக்கில கெட்டிக்காரனாம்," என்றேன்.

அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்தது. "பெரிய சந்தோசம் எண்டு சொல்லு. எல்லாம் ரீச்சரின்ர கெட்டித்தனம் எண்டும் சொல்லு."

நான் ஆசிரியையிடம் சொன்னேன்: "வருடம் முடியும் வரைக்கும் என்கிறார். நீங்கள் புரிந்துகொண்டதற்கு மிகவும் நன்றி என்கிறார்."

இரண்டு பேரும் எழுந்து கை குலுக்கினார்கள். ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு மரியாதை. பேருந்துக்குப் போகும் வழியில் அப்பா எனக்கு ஒரு சொக்கிளேற் வாங்கித் தந்தார். தான் தின்னவில்லை. நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இதை வாசிக்கும்போது நீ வளர்ந்தவன், அதனால் ஒரு அறிவுரை சொல்லலாம். இரண்டு பேருக்கு நடுவில் இரண்டு மொழியும் தெரிந்தவனாக நீ மட்டும் நிற்கும்போது உன்னைச் சரிபார்க்க ஆளில்லை. அந்த இடம் பொல்லாதது. மின்சாரம் ஓடும் கம்பியைத் தொடுவதுபோல நினைத்துக்கொண்டு நில்.

அந்த வீட்டில் கற்ற இன்னொன்றையும் சொல்லவேண்டும். சத்தம் போடாமல் இருப்பது. நாங்கள் மூன்றாம் மாடியில் இருந்தோம். கீழே ஒரு வயதான மனுசி. வீட்டுக்குள் சப்பாத்தோடு நடக்கக்கூடாது, கதிரையை இழுக்கக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை என்றால் தும்மக்கூட யோசிக்கவேண்டும். "மெல்லடா! கீழ இருக்கிற மனிசி எழுதிப் போட்டால் எங்கட அனுமதியைப் பறிச்சுப் போடுவினம்," என்பார்கள் வீட்டில். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் என் அப்பாவும் அம்மாவும் அதை உண்மையாக நம்பினார்கள். விழுந்து முழங்கால் உடைந்தால்கூட நான் தலையணையில் வாயை வைத்துத்தான் அழுவேன். அது நல்ல பழக்கம் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

இனி, இந்த ஓகஸ்டில் நடந்தது. இதைத்தான் இவ்வளவு நேரமும் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன், பொறுத்துக்கொள். அன்றைக்கு அம்மாவுக்கு வேலை. நீயும் நானும் ஆற்றங்கரை நீச்சல்குளத்துக்குப் போனோம். ஆழமில்லாத பக்கத்தையும் ஆழமான பக்கத்தையும் ஒரு கயிறு பிரிக்கும். நீ கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எனக்குக் கை காட்டினாய். நானும் காட்டினேன். அடுத்த முறை பார்த்தபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கை மட்டும் தெரிந்தது. எனக்கும் உனக்கும் இடையில் ஆறு மீற்றர்கூட இல்லை. நான் விளிம்புவரை ஓடினேன். கால்விரல்கள் கல்லின் ஓரத்தில் நின்றன. அங்கேயே நின்றுவிட்டேன். தொழில் பழக்கம், தலைக்குள் எண்ணுகிறேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நீந்தத் தெரியாதவன் குதித்தால் தாழ்வது இரண்டு பேர், நிற்பதுதான் சரி என்று நீ சொல்லலாம். நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் கத்தவும் இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சுற்றிலும் நூறு பேர். அதில் பாதிப் பேருக்காவது நீந்தத் தெரியும். "பிள்ளை!" என்று ஒரு சொல் போதும். அதுகூட வரவில்லை.

நீந்திக்கொண்டிருந்த நரைத்த தலைப் பெண் ஒருவர் உன்னைக் கண்டு, இடுப்பில் பிடித்துத் தூக்கி விளிம்பில் இருத்தினார். நீ இருமினாய், பிறகு அழுதாய். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்கள் பிள்ளையா?" என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு எதுவும் கேட்காமல் நீந்திப் போய்விட்டார். நான் உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்து, "அம்மாட்ட சொல்லாதை, அவ பயப்பிடுவா," என்றேன். நீ தலையாட்டினாய். எனக்கு என் அப்பாவின் சொக்கிளேற் ஞாபகம் வந்தது. அவர் தந்தது சந்தோசத்தில். நான் தந்தது வாயை அடைக்க.

போன வியாழக்கிழமை சோதனைக்கூடத்தில் நின்றபோது உன் ஆசிரியை அழைத்தார். டிசம்பரில் வகுப்புக்குத் தண்ணீர்ச் சோதனை இருக்கிறதாம். தண்ணீருக்குள் உருண்டு விழுந்து, ஒரு நிமிடம் மிதந்து, கரை சேரவேண்டும். "அதற்கு முன் உங்கள் மகனை மருத்துவரிடம் காட்டுவது நல்லது," என்றார். "ஒவ்வொரு வியாழனும் வயிற்றுவலி என்று எழுதுகிறீர்களே."

நான் எழுதுகிறேனாம்.

தொலைபேசியில் பள்ளிச் செயலியைத் திறந்தேன். ஏழு செய்திகள். முதலாவது செப்டம்பரில் உனக்கு உண்மையாகவே வயிறு வலித்தபோது, நீச்சலுக்கு மட்டும் விடவேண்டாம் என்று நான் எழுதியது. மற்ற ஆறும் அதன் பிரதிகள். அதே சொற்கள், அதே வணக்கம், கீழே என் பெயர். உனக்கும் வியாழன்தான் நீச்சல்; அன்று காலையில் நான் முகம் வழிக்கும்போது மழை வருமா என்று பார்க்க என் தொலைபேசியைக் கேட்பாயே, அப்போது அனுப்பியிருக்கிறாய். சீக்கிரம் குணமாகட்டும் என்று ஆசிரியை ஒவ்வொரு முறையும் பதில் போட்டிருந்தார். நீ அதற்கு என் சார்பில் நன்றியும் சொல்லியிருந்தாய். அடேய், நான் புள்ளடியாவது போட்டேன். நீ அதுகூட இல்லாமல் முடித்துவிட்டாய்! சிரிப்பு வந்தது. உயர் அழுத்த மின்சாரத்துக்குப் பக்கத்தில் பதினொரு வருடம் வேலை செய்தவன் அந்தச் சிரிப்பு முடியுமுன் ஒரு பெட்டியின் மேல் குந்திவிட்டேன்.

அன்று மாலை அம்மா வருமுன் உன்னைக் குசினி மேசையில் இருத்திக் கேட்டேன். கோபமாகத்தான் தொடங்கினேன், பொறுமை எனக்கு வராது.

"ஏனடா இப்பிடிச் செய்தனீ?"

நீ மேசையைச் சுரண்டினாய்.

"தண்ணியெண்டால் பயமோ?"

"சின்னப் பயம்."

"அங்க ரீச்சர் நிப்பாதானே. கொஸ்தா ரிக்காவில நான் நிப்பன். தலைக்கு மேல தண்ணி வந்தால் நான் வருவன்தானே."

நீ என்னை நேராகப் பார்த்தாய். கோபம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாய்:

"நீங்கள் வரேல்லைத்தானே, அப்பா."

பிறகு நீயே, "அம்மாட்ட நான் சொல்லேல்லை," என்றாய். எனக்கு ஆறுதல் சொல்கிறாயாம்.

அதன் பிறகு நான் செய்ததையும் எழுதவேண்டும். நேற்றுக் காலை நீங்கள் இருவரும் கடைக்குப் போயிருந்தபோது பயணத்தை நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்தேன். அம்மாவுக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டும். அந்தப் பக்கம் நுளம்புக் காய்ச்சல் பரவுகிறது, பிள்ளையோடு போவது புத்தியில்லை என்று அந்தக் கடற்கரை வீட்டின் சுவிஸ்கார உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அருமையாக வந்தது. பணிவு, கவலை, நன்றி எல்லாம் அளவாக இருந்தன. அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றபோது திரும்ப வாசித்தேன். ஒன்பது வயதில் எழுதிய கடிதத்தின் அதே நடை. வியாழக்கிழமை விரதம், கிழிந்த காது, வயிற்றுவலி, நுளம்புக் காய்ச்சல். இந்தக் குடும்பத்தில் தண்ணீருக்கு எதிராக நாங்கள் கற்றது ஒன்றேதான்: நல்ல டொச்சில் கடிதம் எழுதுவது. அதை அழித்தேன். அழித்ததில் பெருமை ஒன்றும் இல்லை.

எதற்குப் பயப்படுகிறேன் என்று தெளிவாக எழுதிவிடுகிறேன். கடலுக்குப் பயம். அது இரண்டாவது. மூன்றே முக்காலுக்குத் திறக்கப்போகும் கதவுக்குப் பயம். அம்மா கோபப்பட்டால் தாங்குவேன். ஓகஸ்டில் நடந்ததைக் கேட்டுவிட்டு ஒன்றும் கதைக்காமல் உன் தலையைத் தடவினால் தாங்கமாட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பவும் ஒரு விளிம்பில் நின்று வாயைத் திறக்க, சத்தம் வராமல் போய்விடுமோ என்ற பயம். ஒருமுறை உடைந்த சுவிச்சு அதே இடத்தில்தான் திரும்ப உடையும். அது என் தொழில், எனக்குத் தெரியும்.

உனக்குப் பதினெட்டு வயதாகும்போது நீ யாருக்காவது "நான் இருக்கிறேன்தானே" என்று சொல்லப் பார்ப்பாய். சொல்லுமுன் ஒருமுறை சோதித்துப் பார். இவ்வளவுதான் என்னிடம் இருக்கும் அறிவுரை. மிச்சம் செய்யவேண்டிய வேலைகள்.

1. அம்மா வந்து, குளித்து, சாப்பிடட்டும். வெறும் வயிற்றில் இதைச் சொல்லக்கூடாது. பிறகு எல்லாவற்றையும் சொல்வேன்: காது, ஓகஸ்ட், அந்த நான்கு வினாடி, ஐஸ்கிறீம். உன் ஆறு செய்திகளைக் கடைசியில், என் பிழையாக.

2. அட்டவணையில் இரண்டு பச்சைக் கட்டங்களைச் சிவப்பாக்குவேன். இருபத்தெட்டாவது வரி அப்படியே இருக்கட்டும். அது சரியாகத்தான் இருக்கிறது.

3. போவதா நிற்பதா என்று அம்மா முடிவெடுப்பார். நான் காரணம் எழுதிக் கொடுக்கமாட்டேன்.

4. நாளைக் காலை உன் ஆசிரியைக்குத் தொலைபேசி. எழுத்தில் இல்லை, வாயால்.

5. பெரியவர்களுக்கான தொடக்க நீச்சல் வகுப்பு, செவ்வாய் மாலை. பதிந்துவிட்டேன். நீச்சல் உடுப்பு வாங்கவேண்டும். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

6. சூக்குக்குப் போய், அந்தப் பெற்றோர் சந்திப்பில் என் ஆசிரியை உண்மையில் என்ன கேட்டார் என்று என் அப்பாவிடம் சொல்வேன். சரியான மொழிபெயர்ப்பு.

7. வரிசைப்படி இது முதலாவதாக வந்திருக்கவேண்டும், திருத்த நேரமில்லை. இந்தக் கணினியை மூடியதும் நடைவழியில் போய் நின்று, இருக்கும் மூச்சு முழுவதையும் கூட்டி, உன் பெயரைச் சொல்லிக் கத்துவேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. கீழ்வீட்டார் மணி அடிக்கலாம். நீ நீச்சல் கண்ணாடியோடு பயந்து ஓடிவருவாய். வா. சத்தம் வருகிறதா என்று இன்றே தெரியவேண்டும்.